அன்றைக்கு யார் முறை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். இந்த வாரம் சொல்லப்போவது நெஞ்சைக் கொஞ்சம் பிசையும். ஆனாலும் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள், எனக்குத் தெரியும் உங்களை.

குற்றம் நடந்த கதை என்றால் 'யார் செய்தது?' என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பே இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அந்தக் கேள்விதான் விஷம். அது எப்படி விஷமாயிற்று என்பதுதான் இன்றைய கதை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டில் தன்னந்தனியாக இருந்த கிழவர் ஒருவர் மாடிப்படியின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. மனைவி காலமாகி வெகு காலம் ஆயிற்று. பிள்ளைகள் மூன்று. மூத்தவள் பல் கட்டும் வேலை பார்க்கிறாள். நடுவில் ஒரு தம்பி, லிஃப்ட் பழுது பார்ப்பவன். கடைசியாக ஒருத்தி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊருக்கெல்லாம் டீச்சர், வீட்டுக்கு மட்டும் இன்னும் கடைக்குட்டி.

அப்பா கிடந்ததைப் பார்த்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது தம்பிதான். பின்னாலேயே போலீஸ் வந்தது. கூடத்தில் நின்று இன்ஸ்பெக்டர் அம்மா சத்தமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாரு பண்ணது?"

தம்பி கண்ணைக்கூட இமைக்கவில்லை. "நான்தான்" என்றான்.

அது நேற்று. இன்றைக்குக் காலையில் மூத்தவள் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டாள்.

அப்பா ஆஸ்பத்திரியில், தம்பி லாக்கப்பில், இவள் இங்கே பல் செதுக்குகிறாளே என்று நாலு பேர் நாக்கு மேல் பல் போட்டுப் பேசலாம். பேசட்டும். கையைச் சும்மா வைத்திருக்க அவளால் முடியவில்லை. அதனால் கைக்கு வேலை கொடுத்தாள், அவ்வளவுதான்.

நீள மேஜை. யார் யாருடைய தாடைகளோ வெள்ளை பிளாஸ்டரில் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடு காட்டி, மெழுகை வழித்து, ஈறின் வளைவை இழைத்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டும் பல்லைக் கட்டினது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் சிரிக்கும்போது தெரிகிற முன்பல்லே அவள் கட்டினதுதான். நிஜப் பல் எப்போது போயிற்று, யார் கையால் போயிற்று என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரான அப்பாவுக்கும் பல்செட் கட்டிக் கொடுத்தது இவள்தான். வாரம் தவறாமல் போய், கடிக்கிறதா, உறுத்துகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். ஏன் போகிறாய் என்று கடைக்குட்டி சண்டை போடாத வாரமில்லை. மூத்தவளுக்கே அதற்குப் பதில் தெரியாது.

"லீவு போட்டிருக்கலாம்ல?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"போட்டுட்டு?"

"அதுவும் சரிதான். வீட்ல உக்காந்து சுவத்தையா பாக்கிறது."

மேஜையில் போன் அதிர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து எழுத்தர்.

"அம்மா, உங்க தம்பியோட வாக்குமூலத்தை டைப் பண்ணியாச்சு. இன்ஸ்பெக்டர் அம்மா வெளியில போயிருக்காங்க, வந்ததும் கையெழுத்து. சாயங்காலத்துக்குள்ள ஜட்ஜ் முன்னாடி நிறுத்திடுவாங்க. அப்புறம் ஜெயில்தான். பேசணும்னா இப்பவே வந்து பேசிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

மூத்தவள் விளக்கை ஊதி அணைத்தாள். பாதி இழைத்த ஈறு அப்படியே கிடந்தது.

ஸ்டேஷன் முன்கூடத்தில் எழுத்தர் பெரிய பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். அதன் நடுவில் ஒளித்து வைத்த மர்ம நாவல் ஒன்று, அட்டை கிழிந்தது. இவளைப் பார்த்ததும் மூடப் போனவர், பாவம், விரலைப் பக்கத்தில் அடையாளம் வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இதுல கூடப் பாருங்க. கொலை பண்ணவனைத் தோண்டிக்கிட்டே போனா, கடைசியில சின்ன வயசுல அடி வாங்கினவனா இருப்பான். நானும் எத்தனையோ படிச்சுட்டேன். முதல் அத்தியாயத்துலயே இவன்தான்னு சொல்லிடுவேன். உங்க தம்பி கதையும் தெருவுக்கே தெரியுமாமே?"

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தப் பேச்சு மூத்தவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அடி வாங்கினவன் எல்லாம் திருப்பி அடிப்பான்னு யார் சார் எழுதினது?" என்றாள். "அடுத்தவன் அடியையும் சேர்த்து வாங்கிக்கிறவனாவும் ஆவான். அப்படி ஒருத்தனை உங்க புத்தகத்துல தேடிப் பாருங்க."

எழுத்தர் புத்தகத்தை மூடினார். எழுந்து போய் உள்கதவைத் திறந்துவிட்டார்.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நேற்றைய வேலைச் சட்டை, பையில் சின்ன ஸ்பேனர் வைத்த இடம் கிரீஸ் கறை. ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார்கள் போல, கறை மட்டும் இருந்தது. இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"சாப்பிட்டியா அக்கா?"

"லாக்கப்புல உக்காந்துகிட்டு என்னைக் கேக்கிறியா?"

"இங்க டீ குடுத்தாங்க. பரவாயில்ல, சூடா இருந்துச்சு."

அவள் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாருடா. நேத்து 'நான்தான்'னு சொன்னியே. யார் முறைன்னு நினைச்சு சொன்ன?"

அவன் பார்வை தரைக்குப் போயிற்று.

இங்கேதான் கண்ணுகளா, அந்தப் பழைய வீட்டுக்கு உங்களை ஒரு நடை கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அவர்கள் அப்பா வேலையிலிருந்து வந்தால் வீட்டை ஒரு சுற்று பார்ப்பார். ரேடியோ திருகு கழன்றிருக்கும். கண்ணாடியில் விரல் ரேகை இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று இருக்கும். கூடத்தில் நின்று, "யாரு?" என்பார். பதில் வராவிட்டால் மூன்று பேருக்கும் விழும். ஒருவர் ஒத்துக்கொண்டால் அவரோடு முடிந்துவிடும். அம்மா அந்த நேரத்தில் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பாள்.

மூத்தவள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். உட்கார்ந்து யோசித்தாள். மூன்று பேர் அடி வாங்குவதற்குப் பதில் ஒருவர் வாங்கினால் போதுமே! தம்பியைக் கூப்பிட்டு முறை போட்டாள். இன்றைக்கு நான், நாளைக்கு நீ. உண்மையில் யார் செய்தது என்பது முக்கியமில்லை. அன்றைக்கு யார் முறையோ அவர் முன்னால் வந்து "நான்தான்" என்று சொல்லிவிட வேண்டியது. 'நான் இல்லை' என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் மற்றவர்களைக் காட்டிக் கொடுத்ததாக அர்த்தம்.

கடைக்குட்டிக்கு முறை வைக்கவில்லை. தத்தித் தத்தி நடக்கிற குழந்தைக்கு என்ன முறை? பிறகு அவள் வளர்ந்து, "எனக்கும் குடுங்க" என்று கேட்டபோது தம்பி, "உன் முறை என்கிட்ட இருக்கு போடி" என்று துரத்திவிட்டான். அதனால் அவனுக்கு இரண்டு மடங்கு விழுந்தது. அவளுக்கு ஒன்றும் விழவில்லை. விழாத அடிக்கும் தழும்பு உண்டு என்பது அந்த மூவருக்குமே அப்போது தெரியாது.

அப்படி வளர்ந்தவன்தான் இவன். வேலை பார்த்த இடத்திலெல்லாம் எந்த லிஃப்ட் நின்றாலும், மேனேஜர் குரலை உயர்த்தி "யாரு?" என்றால் போதும், இவன் கை தூக்கிவிடுவான். அந்தக் கட்டிடத்துப் பக்கமே போயிருக்க மாட்டான், ஆனாலும் தூக்குவான். இரண்டு இடத்தில் வேலையே போயிற்று. கேட்டால் சிரிப்பான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை.

"கடைக்குட்டியைப் பார்த்தேன்கா." குரல் காதுக்குக்கூட எட்டவில்லை. "வேலைக்குப் போற வழியில நான் தெரு முனையில திரும்புறேன், அவ வீட்லேருந்து வெளியில வர்றா. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் ஈரம். அழுதுகிட்டே போறா. என்னைப் பாக்கல. நான் உள்ள போனா, அவர் கிடக்கிறார்."

மூத்தவள் அவன் பக்கம் குனிந்தாள்.

"அவளைக் கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? கேட்டா சொல்லிடுவா. சொன்னா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. நான்தான் சொல்லிட்டேனே, முடிஞ்சு போச்சு. நீ வீட்டுக்குப் போ."

"டேய், இது ரேடியோ திருகு இல்லடா!"

"தெரியும்." அவன் கிரீஸ் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தான். "எனக்குப் பழக்கம்கா. அவளுக்குப் பழக்கமில்ல."

இதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை. கடைக்குட்டி நிரபராதி என்று தெரிந்தால் ஒழிய அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. மூத்தவள் எழுந்தாள். ஆனால் படி இறங்கும்போது அவளுக்கே ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒருவேளை அவள்தானோ?

டிரைவிங் ஸ்கூல் கார் பெரிய மைதானத்தை ஆமை வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் தலை நரைத்த ஒரு கணக்காளர். பக்கத்து சீட்டில் கடைக்குட்டி. அவள் கால் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருந்தது. அது கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக வைத்த பிரேக். அந்த வேலைக்கு அவள் போனதே அதற்காகத்தான் என்று மூத்தவளுக்கு ஒரு எண்ணம் உண்டு.

"கிளட்ச்சை மிதிங்க சார். அது கிளட்ச் இல்ல சார், அது என் கால்."

அக்காவைப் பார்த்ததும் வண்டி நின்றது. கணக்காளர் தானாகவே இறங்கி, "நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன், நிதானமாப் பேசுங்க" என்று உயிர் பிழைத்தவர் போல நடந்தார்.

மூத்தவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

"சாயங்காலம் ஜட்ஜ் முன்னாடி நிறுத்தப் போறாங்களாம்."

"அண்ணா அதைப் பண்ணல." கடைக்குட்டி முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். "அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அவன் உன்னைப் பார்த்திருக்கான். நேத்து. வீட்லேருந்து நீ அழுதுகிட்டு வந்ததை."

கடைக்குட்டியின் வாய் திறந்தது, மூடியது. வேறு ஏதோ சொல்ல வந்தவள் அதை விழுங்கிவிட்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, கோபம்.

"அப்போ எனக்காகத்தான் சொன்னானா? இப்பவுமா?"

"ஏய், நான் கேக்கிறதுக்கு முதல்ல…"

"என்னோடதை எடுத்துக்க இவன் யாரு?" அவள் உள்ளங்கையால் டாஷ்போர்டை அடித்தாள். "உனக்குத் தெரியுமா? ராத்திரி நீங்க ரெண்டு பேரும் முதுகுல எண்ணெய் தேச்சுக்குவீங்க. நான் கிண்ணத்தைப் பிடிச்சுகிட்டு நிப்பேன். கிண்ணம் பிடிக்கிறதுதான் எனக்கு வேலை. வாழ்க்கை பூரா எனக்காக யாராவது ஒருத்தர் சட்டையைக் கழட்டி முதுகைக் காட்டிகிட்டே இருப்பீங்க. ஒரு டீக்குக்கூட நான் யாரையும் காசு குடுக்க விடுறதில்ல, ஏன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?"

இத்தனை வருஷம் இவளைக் காப்பாற்றிவிட்டதாக அல்லவா மூத்தவள் நினைத்துக்கொண்டிருந்தாள்!

"இறங்கி இந்தப் பக்கம் வா. நான் ஓட்டுறேன்."

"எங்கே?"

"ஸ்டேஷனுக்கு."

"நேத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுடி!"

"அங்க வந்து கேட்டுக்கோ" என்றாள் கடைக்குட்டி. அதற்குப் பிறகு வழி நெடுக அவள் வாயைத் திறக்கவில்லை. மூத்தவளின் கால், தன் பக்கத்திலிருந்த பிரேக்கை அவளை அறியாமல் தேடியது. வைக்கவில்லை, எடுத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்துவிட்டிருந்தார். மேஜை மேல் தட்டச்சு செய்த காகிதம். தம்பி பேனாவைக் கையில் வாங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கடைக்குட்டி கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

"அவன் இல்ல, நான்தான். என்னை எழுதிக்கோங்க."

"போடி வெளியில!" என்று தம்பி எழுந்தான்.

"நீ உக்காரு. இது என் முறை."

"உனக்கு ஏது முறை? அவளை நம்பாதீங்கம்மா, அவ சும்மா சொல்றா!"

இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பணியில் தலை நரைத்தவர், எவ்வளவோ பார்த்தவர்.

"சரி. எப்படித் தள்ளினீங்க?" என்று தம்பியைக் கேட்டார்.

"மேல் படியிலேருந்து. முதுகுல கை வச்சு."

"நீங்க?"

"கீழேருந்து கையைப் பிடிச்சு இழுத்தேன்" என்றாள் கடைக்குட்டி.

"ஒருத்தர் மேல நின்னு தள்றீங்க, ஒருத்தர் கீழ நின்னு இழுக்கிறீங்க. அவர் என்ன பீரோவா, ரெண்டு ஆளா சேர்ந்து இறக்குறதுக்கு?"

வாசலில் நின்ற எழுத்தர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி மூத்தவளைப் பார்த்தார்.

"நீங்கதான் மூத்தவங்க. நீங்களாவது சொல்லுங்க. யாரு பண்ணது?"

கூடத்தில் நின்று அப்பா கேட்ட அந்த உயர்ந்த குரல் இல்லை. இருந்தாலும் அதே கேள்வி. தம்பியும் கடைக்குட்டியும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை மூத்தவளுக்குத் தெரியும். பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு குழந்தைகளின் பார்வை அது. அவள் நாக்கு அதுவாகவே மேலே எழுந்தது. 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்? பல் கட்டுகிற கை ஜெயிலிலும் ஏதாவது செய்துகொள்ளும்.

முன்பல்லின் பின்னால் நாக்கு முட்டிக்கொண்டு நின்றது.

யோசித்துப் பார்த்தாள். இந்த விளையாட்டுக்கு விதி எழுதினது யார்? அவள்தான். அன்றைக்கு வேறு வழியில்லை. சின்னக் கைகளுக்கு எட்டின ஒரே கேடயம் அதுதான். அதற்காக அவள் தன்னையே வைதுகொள்ளப் போவதில்லை. ஆனால் அப்பா கீழே கிடந்து, இவர்கள் வளர்ந்து, தலை நரைக்கத் தொடங்கிவிட்ட பிறகும் அந்தக் கேடயத்துக்குப் பின்னாலேயே மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்களே. எழுதினவள்தானே அதை அழிக்க வேண்டும்?

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இல்லை" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவை. குரல் யாருடையதோ போல இருந்தது. எங்கிருந்தோ அறை விழப்போகிறது என்று அவள் தோள் தானாகவே குறுகியது. ஒன்றும் விழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"நான் இல்லைம்மா. நேத்து முழுக்க லேப்லதான் இருந்தேன். இவங்க ரெண்டு பேரும் என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். எங்ககிட்ட 'யாரு'ன்னு கேக்காதீங்க. கேட்டா எங்களுக்கு ஒரே பதில்தான் வரும். அப்படித்தான் வளர்ந்தோம்."

பிறகு முறை போட்ட கதையைச் சொன்னாள். பெரிய கதையாகச் சொல்லவில்லை, ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். முன்பல்லைப் பற்றியும் சொன்னாள். சொல்லி முடித்தபோது எழுத்தர் வாசலில் இல்லை. அவர் மேஜைப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மா தட்டச்சுக் காகிதத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு கடைக்குட்டியின் பக்கம் திரும்பி, கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"யாருன்னு கேக்கல. நேத்து நீங்க என்ன பார்த்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

கடைக்குட்டி அக்காவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ… இல்லையா?"

"இல்லடி."

"நிஜமா?"

"நிஜமா."

அவ்வளவுதான். கடைக்குட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் பேச்சும் கலந்து வந்தது.

"அந்தத் தெரு வழியாப் போனேன், கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள போனா அவர் கிடக்கிறார். மேஜை மேல ரெண்டு காப்பிக் கோப்பை. அந்த வீட்டுக்கு நம்ம அக்காவை விட்டா யார் போவாங்க? அக்காதான்னு நினைச்சேன். எத்தனை வருஷம்தான் பொறுப்பா, அக்காதான்னு நினைச்சேன். கோப்பை ரெண்டையும் கழுவிக் கவுத்து வச்சுட்டு, மேஜையைத் துடைச்சுட்டு ஓடிட்டேன். போன் பண்ணணும்னுகூடத் தோணல. அண்ணா, நான் உன்னைப் பாக்கவே இல்ல."

"அப்போ நீயும் இல்லையா?" என்றான் தம்பி.

"நான் இல்லண்ணா."

அவன் அக்காவைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். சொல்லலாமா என்று அனுமதி கேட்பது போல இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். வாய் இரண்டு மூன்று தடவை கோணியது. புது மொழி பேசுகிறவன் போலத் தட்டுத் தடுமாறி,

"நானும்… நான் இல்லை" என்றான்.

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பக்கத்திலிருந்த மூத்தவளுக்கே தெரியவில்லை. கடைக்குட்டி தரையில் நகர்ந்து போய் அவன் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

"ஸ்டேஷன்ல எல்லாரும் 'நான் இல்லை'ன்னுதான் அழுவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா, பொதுவாக. "இப்படி அழுது நான் பார்த்ததில்ல." பிறகு குரலைத் திருத்திக்கொண்டார். "கோப்பையைக் கழுவினது பெரிய தப்பு. அதுக்குத் தனியா எழுதி வாங்குவேன். ஆனா கழுவும்போது கண்ணு இருந்திருக்கும்ல? அதுல என்ன இருந்துச்சு?"

கடைக்குட்டி கண்ணைத் துடைத்தாள். "ஒண்ணுல பாதி காப்பி அப்படியே இருந்துச்சு. அப்பாவோடது, விளிம்பு உடைஞ்ச கோப்பை. இன்னொண்ணு காலி. அடியில சர்க்கரை கரையாம மண்டிக் கிடந்துச்சு. விரல் விட்டுத்தான் தேச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இவங்க சர்க்கரையே தொட மாட்டாங்க" என்றான் தம்பி, அக்காவைக் காட்டி. "பல் வேலைக்குப் போனதுலேருந்து. என்னையும் தொட விட மாட்டாங்க."

"அதைக் கழுவும்போது யோசிச்சிருக்கணும்டி" என்றாள் மூத்தவள்.

"பயத்துல எவளுக்கு யோசனை வரும்?"

இன்ஸ்பெக்டர் அம்மா கவிழ்த்து வைத்த காகிதத்தை இரண்டாக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். "இன்னிக்கு ஜட்ஜ்கிட்ட யாரும் போகல. மூணு பேரும் வீட்டுக்குப் போங்க. கூப்பிட்டா வரணும்."

தம்பிக்கு அவன் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். வாசலில் மூவரும் நின்றார்கள். எந்தப் பக்கம் போவது என்று யாருக்கும் தோன்றவில்லை. மாலை வெயில் சுவரெல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"டீ குடிக்கலாமா?" என்றான் தம்பி. "நான் வாங்கித் தர்றேன்."

மூத்தவள் கடைக்குட்டியைப் பார்த்தாள். கடைக்குட்டி கைப்பையைத் திறக்கப் போனாள். பிறகு மூடிவிட்டாள்.

"சரி, வாங்கிக் குடு" என்றாள்.

அவர்கள் தெருவைக் கடக்கும் முன்னால் எழுத்தர் படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"அம்மா, ஆஸ்பத்திரியில காவலுக்கு நிக்கிறவர் போன் பண்ணாரு. உங்க அப்பா கண்ணைத் திறந்துட்டார். பேசுறார். நேத்து வீட்டுக்கு வந்தது யாருன்னு கேட்டிருக்காங்க. 'என் பையன்'னாராம்."

தம்பியின் கால் அப்படியே நின்றது. கடைக்குட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்க, பொறுங்க. முழுசாக் கேளுங்க. லிஃப்ட் வேலை பாக்கிற பையனான்னு நம்மாளு திருப்பிக் கேட்டிருக்காரு. அவர் தலையை ஆட்டி, 'அவன் இல்ல, அவன் சின்னவன். என் மூத்த பையன்'னாராம்." எழுத்தர் மூச்சு வாங்கினார். "உங்களுக்கு ஒரு அண்ணன் இருக்காரா? ரெக்கார்டுல அப்படி யாரும் இல்லையே?"

பிறந்ததிலிருந்து தன்னை மூத்தவள் என்று நினைத்து, மூத்தவளாகவே அடி வாங்கி, மூத்தவளாகவே முறை போட்டு வளர்ந்தவள், தெரு நடுவில் நின்றாள். யாரோ ஒரு பிள்ளை அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் இருந்திருக்கிறான். அவன் முறையெல்லாம் யாரிடம் போயிற்று?

இந்த வாரத்துக்குப் போதும் கண்ணுகளா, அந்தப் பிள்ளை யார் என்பது அடுத்த வாரம், இந்த அளவில் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நானும் விட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் ஏதாவது கை தவறி உடையட்டும், உடையாத வீடு உண்டா? ஆனால் உடைத்த பிள்ளை அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்து, "நான்தான்மா" என்று பயமில்லாமல் சொல்லட்டும். உடைக்காத பிள்ளை, "நான் இல்லை" என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும். இரண்டையும் கேட்கிற காது உங்களுக்கு இருக்கட்டும். உங்கள் கூடத்தில் ஒரு குழந்தையின் தோளும் குறுகாமல் இருக்கட்டும். நல்லா இருங்கள், உங்கள் வீடும் வாசலும் நல்லா இருக்கட்டும்.